சைனப் அக்காவின் தட்டும் ஒரு டர்போ காரும்

சைனப் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இந்த நிமிஷம் பம்பாயில் குறைந்தது இருநூறு பேராவது அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. போன வருஷம் வரை அவரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவருடையது. கீழே பட்டறை, மரப்படி ஏறினால் மேலே வீடு. பிறந்தது மேலப்பாளையம். மன்சூர் அலி பாயைக் கல்யாணம் செய்துகொண்டு பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறினார். பாய் அப்போது தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்த சுண்ணாம்பும் மருந்தும் அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் படுத்த மாதத்தில் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தார். முதலில் மணிபர்ஸ் தைத்தார், பிறகு ஹேண்ட்பேக். ஒருநாள் ஒரு டாக்ஸிக்காரர் கிழிந்த சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, பை தைக்கிற கைக்கு இது முடியாதா என்று கேட்டார். முடிந்தது. அதிலிருந்து கார் சீட்தான்.

இப்போது பட்டறையில் மூன்று மிஷின். அக்காவுடன் சொர்ணம்மாளும் நூர் நிஷாவும் தைக்கிறார்கள். உடம்பு தேறிய மன்சூர் பாய் தோல் வாங்கிவருவார், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார், நடுவில் உட்கார்ந்து மூன்று பேரையும் கிண்டல் செய்வார்.

அக்கா வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. வளைவாகக் கோடு போட அவரிடம் எந்தக் கருவியும் கிடையாது. எல்லாம் வீட்டுச் சாமான்தான். சீட்டில் தலை சாயும் இடத்துக்கு டீ கிளாஸ், மூலைகளுக்கு டப்பா மூடி, முதுகுப் பக்கத்துக்குச் சஹன். சஹன் என்பது முஸ்லிம் வீடுகளில் விருந்தின்போது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அக்காவின் சஹன் அவர் கல்யாணத்தில் வந்தது. பந்தியில் யாரோ கை தவறிப் போட்டு, விளிம்பில் ஓரிடம் ஒரு விரல் அகலத்துக்கு உள்வாங்கி நசுங்கிவிட்டது. தோலில் கோடு போடும்போது அந்த இடம் வராதபடி தட்டைத் திருப்பி வைத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் திருப்ப மறந்தார்.

அது எண்பத்து நாலில், நோன்புப் பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது. மஸ்ஜித் பந்தர் பக்கத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தான். வெட்டி எடுத்த பழைய சீட் உறை ஒன்றை மாதிரியாக வைத்து, இதேபோல ஒரு கார் முழுக்க வேண்டும், கறுப்புத் தோல், சிவப்பு நூல், பெருநாளுக்கு முன்னால் துபாய்க்குப் பார்சல் போக வேண்டும் என்றான். எந்தக் காருக்கு, யாருக்கு என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சிக்கல் தோலில் இருந்தது. மாதிரி உறையில் முதுகும் இரண்டு பக்கத் திண்டும் சேர்ந்து ஒரே துண்டு மாட்டுத் தோல். அந்த ஆறு நாளில் மன்சூர் பாய்க்குக் கிடைத்ததோ ஆட்டுத் தோல். எவ்வளவு பெரிய ஆடாக இருந்தாலும் அந்த அகலத்துக்கு வராது. எங்காவது ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். ஒட்டு ஒட்டாகத் தெரியக் கூடாது என்று, தோள்பட்டைக்குக் கீழே அரைவட்டமாக ஒரு மூட்டுப் போட்டு, அதன் மேல் சிவப்பு நூலில் இரட்டை வரிசை ஓட்டினார். பார்த்தால் வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போலிருந்தது. நோன்பு மயக்கத்தில் சஹனின் நசுங்கிய இடம் அந்த வளைவில் விழுந்துவிட்டதைத் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தார். பிரிக்க நேரமில்லை. ஏஜெண்ட் தடவிப் பார்த்துவிட்டு ஹிந்தியில், சலேகா, பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துப் போனான். பிறகு அவன் வரவே இல்லை. அக்காவும் அதை மறந்துவிட்டார்.

இனிப் போன வருஷக் கதை. நான் அன்று கூட இல்லை. அக்கா சொல்லிக் கேட்டதையும், அனந்தநாராயணன் சாரின் டிரைவர் கணேசபாண்டியன் அண்ணன் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சொன்னது ஒத்துப்போகிறது. ஒன்றே ஒன்றைத் தவிர. அக்கா அன்று பயப்படவே இல்லை என்கிறார். அக்காவிடமிருந்து தட்டு ஒருமுறை நழுவப் பார்த்தது என்கிறார் அண்ணன்.

அனந்தநாராயணன் சார் மாதுங்காவில் இருக்கிறார். செம்பூரில் பாய்லருக்கான மீட்டர் செய்யும் சின்னத் தொழிற்சாலை அவருடையது. அவருடைய பழைய ஃபியட்டுக்கு அக்காதான் சீட் தைத்தார். அந்த ஃபியட்டில் போய்க்கொண்டே அவர் பதினொரு வருஷமாக ஒரு டர்போ காருக்கு ஆசைப்பட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து கார் படங்களை வெட்டி ஃபைலில் வைத்திருந்தார். டர்போ என்றால் என்ன என்று எங்களுக்குக் கணேசபாண்டியன் அண்ணன்தான் விளக்கினார். புகைக்குழாயில் வீணாகப் போகும் புகை ஒரு குட்டி விசிறியைச் சுற்ற, அந்த விசிறி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்குமாம். அடுப்புக்கு ஊதுகுழல் வச்சு ஊதுற மாதிரி, தீ குபீர்னு ஏறும் பாரு, அதுதான் என்றார்.

போன வருஷம் ஜூலையில் செம்பூரில் கார் வியாபாரம் செய்யும் ரோஷன் சேட்டிடம் அப்படி ஒன்றல்ல, இரண்டு வந்தன. இரண்டும் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் தங்களோடு கொண்டுவந்தவை. இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்ற அரசாங்கக் கெடு முடிந்து இப்போது கைமாறத் தயாராக நின்றன. ஒரே ஜப்பான் கம்பெனி, ஒரே மாடல். ஆனால் இரண்டுமே கம்பெனி எண்ணிச் செய்த ஸ்பெஷல் வண்டிகள். வெள்ளை வண்டிக்கு ராலி என்று பெயர். மொத்தமே இருநூறுதான் செய்தார்களாம். கனத்தைக் குறைப்பதற்காக ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும், துணி சீட். கறுப்பு வண்டிக்கு ராயல் என்று பெயர். முந்நூறு செய்தது. ஏசி, மேலே திறக்கும் கூரை, தோல் சீட். இரண்டிலும் டேஷ்போர்டில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. வெள்ளையில் 57/200. கறுப்பில் 112/300.

சார் இரண்டு வாரமாக இந்த இரண்டுக்கும் நடுவில் தூக்கமில்லாமல் இருந்தார். ஓட்டிப் பார்த்ததில் மனசு வெள்ளையில் நின்றுவிட்டது. ஆனால் அது சயான் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றையும் முதுகெலும்புக்குத் தெரியப்படுத்தியது. அவர் மனைவி அபயாம்பாள் மாமி, ஏசி இல்லாத வண்டிக்கு இவ்வளவு விலையா, அதற்கு ஃபியட்டே போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் கறுப்பு என்று முடிவாகிற நிலை. சனிக்கிழமை ராயலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. டிரைவர் சீட்டின் ஓரத்தில் மட்டும் தையல் விட்டிருந்தது. அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க, புதன்கிழமை அக்காவை ரோஷன் சேட் காரேஜுக்கு அழைத்துப் போனார்.

அக்காவுக்கு அந்தக் காரேஜ் புதிதல்ல. அவருக்கு வரும் வேலையில் பாதி ரோஷன் சேட் அனுப்புவதுதான். பழைய காரை வாங்கி, அக்காவிடம் சீட் மாற்றி, பளபளப்பாக்கி விற்பது சேட்டின் தொழில்.

கறுப்புக் காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தபோது அக்காவுக்கு முதலில் தோன்றியது சந்தோஷம்தான். அதை என்னிடம் சொல்லும்போதும் அவர் முகம் மலர்ந்தது. தோள்பட்டைக்குக் கீழே அரைவட்டம். சிவப்பு நூல், இரட்டை வரிசை. வளைவின் வலது பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உள்வாங்கிய நெளிவு. பாலைவன வெயிலில் கிடந்து, கப்பலேறி வந்து, ஐந்து வருஷத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் தையல் விட்டிருந்தது. பேறுகாலம் பார்த்த பிள்ளையை வளர்ந்து ஆளானபின் தெருவில் பார்த்த மாதிரி இருந்ததாம்.

பின்னால் ரோஷன் சேட் சாரிடம் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஒரு நூல்கூட மாற்றவில்லை என்றார். அந்த வளைவைத் தட்டிக் காட்டி, இந்த நெளிவைப் பார்த்தீர்களா, தோள் எலும்பு பதிவதற்காக வைத்திருக்கிறான், ஜப்பான்காரன் மூளை என்றார். இந்த மாதிரி தையல் நம் நாட்டில் எவன் கைக்கும் வராது என்று கடைசியாக ஒன்று சொன்னார்.

வண்டியின் கேட்லாக் பக்கத்து சீட்டில் கிடந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். ராயல் சீட்டின் படத்தில் முதுகு முழுக்க ஒரே துண்டாக இருந்தது. வளைவும் இல்லை, நெளிவும் இல்லை.

சார் குனிந்து கேட்டார். "என்ன சைனப் அம்மா, தச்சுடலாமா? இதையே எடுத்துக்கட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

தைத்துவிடலாம் சார் என்று மட்டும் சொன்னார் அக்கா. எந்தச் சீட்டைத் தைத்தாலும் முதலில் தையலின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்வது அவர் பழக்கம். அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சஹனை இறக்கி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார். சந்தேகத்துக்காக அல்ல, மன்சூர் பாய்க்குக் காட்டுவதற்காக. விளிம்பும் கோடும் பொருந்தின. நசுங்கிய இடமும் நெளிவும் பொருந்தின. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ புள்ள, ஜப்பான்காரன் நம்ம வீட்டுச் சோத்துத் தட்டைக் கடன் வாங்கிருக்கான் பாத்தியா" என்றார். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் நிறுத்தினார்.

பிறகு இருவரும் நிதானமாகப் பேசினார்கள். கார் உண்மையான ராயலாகவே இருக்கலாம், பழைய சீட் பாழாகிப் புதிது போட்டிருக்கலாம் என்றார் பாய். இருக்கலாம்தான். அப்படியானால் ஒரு நூல்கூட மாற்றவில்லை என்பது பொய். அல்லது சாதாரண டர்போ காருக்கு யாரோ தோல் சீட்டும் தகடும் போட்டு ராயலாக்கியிருக்கலாம். ஏஜெண்ட் எதற்காக மாதிரி உறையைக் கொண்டுவந்தான் என்பதற்கு அப்போது ஒரு காரணம் கிடைக்கிறது. இரண்டில் எது என்று தைக்கிறவருக்கு எப்படித் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் ரோஷன் சேட்டின் வேலை போகும் என்பது தெரியும். சேட் வேலை போனால் மூன்று மிஷினில் ஒன்றுதான் ஓடும். சொர்ணம்மாளுக்கும் நூர் நிஷாவுக்கும் என்ன சொல்வது.

பேசாமல் இருந்தால் அனந்தநாராயணன் சார் பதினொரு வருஷ ஆசையைக் கொண்டுபோய் அக்காவின் ஆட்டுத் தோல் ஒட்டின் மேல் உட்கார்த்திவைப்பார். அந்தச் சீட்டைத் தைத்துச் சரிசெய்து கொடுக்கப்போவதும் அக்காதான். ஒவ்வொரு முறை வண்டியைப் பார்க்கும்போதும் அவர் முகத்தை வேறு பார்க்க வேண்டும்.

மன்சூர் பாய் கடைசியில் சொன்னது இது. "சேட்டுக்குப் பயந்தா போகாத. நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம நாட்டுல எவன் கைக்கும் வராதுன்னு அவன் சொன்னத நீ இதோட ஆறு தடவ சொல்லிட்ட. அது உன்னச் சோறு திங்க விடாது."

வியாழக்கிழமை காலை அக்கா சஹனை ஒரு பழைய பெட்ஷீட்டில் கட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தார். மாதுங்கா ஒரே ஸ்டேஷன்தான். ஆனால் அந்த அகலத் தட்டைக் காலை நேர லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏற்றுவது சாமானியமில்லை. உள்ளே இருந்த மராத்திப் பெண்கள் இது என்ன, பிரியாணியா, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார்கள். காருக்கு அளவு எடுக்கிற தட்டு என்று அக்கா உண்மையைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. ஆனால் இடம் விட்டார்கள்.

மாதுங்காவில் கதவைத் திறந்த அபயாம்பாள் மாமி, துணிமூட்டைக்குள் தட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டு, பழைய துணி ஒன்றும் இல்லை, போன வாரம்தான் போட்டுப் பாத்திரம் வாங்கினேன் என்று கதவைச் சாத்தப் போனார். நான் சீட் தைக்கிற சைனப் என்று அக்கா சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்.

சாரிடம் அக்கா சுற்றி வளைக்கவில்லை. காகிதத்தைத் தரையில் விரித்து அதன் மேல் சஹனை வைத்தார். "சார், அந்தக் கறுப்பு வண்டி சீட்டு நான் தச்சது. தாராவில தச்சது. இந்தத் தட்டுதான் அளவு. இந்த நசுங்கல் என் கல்யாணத்துல விழுந்தது."

சார் குனிந்து தட்டையும் காகிதத்தையும் பார்த்தார். நிச்சயமா என்று கேட்கவில்லை. மீட்டர் செய்கிறவர், பொருந்துவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். "இதை நேத்திக்கே ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

"ரோஷன் சேட் எனக்குப் பாதிச் சோறு போடுறவரு சார். ஒருநாள் யோசிக்க வேண்டியிருந்துச்சு."

சார் தலையாட்டினார். அக்காவின் பெயரைச் சொல்லாமலே பேரத்தை விட்டுவிடுகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார். அதைக் கேட்டு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் சொன்னது வேறு. வண்டி ராயலா இல்லையா என்பது இன்னும் தெரியாது, சேட் பொய் சொன்னாரா என்பதும் தெரியாது, அவருக்கு எதிரே வைத்துப் பார்த்துவிடுவோம், முதுகுக்குப் பின்னால் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றார். சார், அக்கா, வண்டி ஓட்டிய கணேசபாண்டியன் அண்ணன் மூவரும் ஃபியட்டில் செம்பூருக்குப் போனார்கள். பின் சீட்டில் அக்கா, மடியில் சஹன்.

ரோஷன் சேட் தட்டைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். "தாலி லேகே காடி சேக் கர்னே ஆயீ?" என்றார். தட்டை வைத்துக் கார் சோதிக்க வந்தாயா என்று. அக்கா சீட்டின் முதுகில் சஹனை வைத்து மெதுவாகத் திருப்பினார். நசுங்கல் நெளிவில் போய் உட்கார்ந்தது. தட்டு நழுவப் பார்த்தது என்று அண்ணன் சொல்வது இந்த இடத்தில்தான்.

சேட் சிரிப்பை நிறுத்தினார். சரி, சீட் மாற்றியிருக்கிறார்கள், எனக்கு விற்றவன் சொல்லவில்லை, அதனால் என்ன, வண்டி ராயல்தானே என்றார். மன்சூர் பாய் சொன்ன அதே வாதம்.

அப்போது கணேசபாண்டியன் அண்ணன் எதற்கோ வெள்ளை வண்டியின் பானட்டைத் திறந்தார். அவரைக் கேட்டால், ஒரு தட்டுக்குள்ள ரோஷம் நமக்கு இருக்கக் கூடாதா என்று தோன்றியது என்கிறார். உள்ளே இஞ்சினுக்குப் பின்னால் இரும்பில் ஒரு எண் அழுத்தி அடித்திருந்தது. 57. டேஷ்போர்டுத் தகட்டில் இருந்த அதே எண். கறுப்பு வண்டியைத் திறந்து அதே இடத்தைத் துடைத்துப் பார்த்தார். வெறும் இரும்பு. நூற்றுப் பன்னிரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. டேஷ்போர்டுத் தகடு மட்டும் இரண்டு திருகாணியில் நின்றுகொண்டிருந்தது.

சேட் பானட்டை மெதுவாக மூடினார். அவருக்கு முன்பே தெரியுமா, அல்லது அவரும் ஏமாந்தவரா என்பது எங்களுக்கு இன்றும் தெரியாது. அவர் அக்காவைப் பார்த்து ஹிந்தியில் சொன்னது இரண்டே வாக்கியம். தட்டை எடுத்துக்கொள். நாளையிலிருந்து என் வேலை உனக்கில்லை.

அனந்தநாராயணன் சார் வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைச் சுற்றி இறக்கி, இதையே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் துணி சீட்டை மாற்றித் தோல் போட்டுக் கொடுங்கள், அந்தக் கறுப்பு வண்டியில் இருக்கிற மாதிரியே என்றார். அரைமணி நேரத்துக்கு முன்னால் பாதி வேலையை இழந்தவருக்கு அது பெரிய வேலை. அக்கா வேண்டாம் என்றார்.

"இருநூறுல ஒண்ணுன்னு கம்பெனிக்காரன் எண்ணி வச்சிருக்கான் சார். இந்தத் துணிய எடுத்தா அந்த எண்ணிக்கை கெட்டுப்போகும். இதுல யாரும் கை வைக்கக் கூடாது. நானும்தான்."

வேண்டுமானால் வீட்டம்மாவுக்கு முதுகுக்கு வைக்கத் தனியாக ஒரு திண்டு தைத்துத் தருகிறேன் என்றார். தைத்தும் கொடுத்தார். அபயாம்பாள் மாமி அதைச் சாய்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி இல்லை என்று இன்றுவரை குறை சொல்லிக்கொண்டே அந்த வண்டியில் போய்வருகிறார்.

அதன் பிறகு நாலு மாதம் கஷ்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. மூன்று மிஷினில் ஒன்று ஓடியது. சொர்ணம்மாள் கோவண்டியில் ஒரு பை கம்பெனிக்கு வேலைக்குப் போனார். போகும்போது அக்காவின் மேல் கோபமாகத்தான் போனார். தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்கோலம் போகாமல் இருந்திருந்தால் என்ன என்று எங்கள் வாசலிலேயே நின்று கேட்டார். மன்சூர் பாய்கூட அந்த நாட்களில் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டார். டாக்ஸி சீட் ஒன்று, ஸ்கூட்டர் சீட் இரண்டு என்று வாரம் போனது.

நவம்பரில் ஒருநாள் எங்கள் சந்தின் வாயில் பெரிய கூட்டம். உள்ளே வர முடியாமல் அந்தக் கறுப்புக் கார் ரோட்டிலேயே நின்றது. அதிலிருந்து இறங்கி வந்தவர் கரீம் பாட்சா. தாணேயில் லாரிகள் வைத்து ஓட்டுகிறவர், பூர்வீகம் தென்காசிப் பக்கம். தட்டு வச்சு சீட் தைக்கிற லாத்தா வீடு எது என்று, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் முறையில், கேட்டுக்கொண்டே வந்தார்.

ரோஷன் சேட் அவரிடம் உண்மையைச் சொல்லித்தான் விற்றிருந்தார். ராயல் இல்லை, சாதாரண டர்போ, சீட் தாராவியில் தைத்தது என்று. தட்டுக் கதை அதற்குள் செம்பூரிலிருந்து தாணே வரை காரேஜ்களில் பரவிவிட்டிருந்ததால் வேறு விதமாகச் சொல்லி விற்க முடியாது என்று கணேசபாண்டியன் அண்ணன் சொல்கிறார். எப்படியோ, கரீம் பாட்சாவுக்கு அதில் வருத்தமே இல்லை. இஞ்சின் அதே இஞ்சின், விலை பாதி, நம்ம ஊர்க்காரங்க கை வேலை, எனக்கென்ன குறை என்றார்.

அவர் வந்தது இரண்டு காரியத்துக்கு. ஒன்று, விட்டுப்போன தையல். அதை அக்கா ரோட்டோரத்தில் காருக்குள் உட்கார்ந்தே கையால் தைத்தார். மற்றொன்று, டேஷ்போர்டு. பொய்த் தகட்டைக் கழற்றிவிட்டதால் அங்கே இரண்டு திருகாணி ஓட்டை தெரிந்தது. அதை மறைக்கிற மாதிரி தோலில் ஏதாவது செய்து கொடுங்கள் என்றார்.

அக்கா கறுப்புத் தோலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். அதில் என்ன போடுவது என்று கேட்டார். கரீம் பாட்சா யோசித்துவிட்டு, முந்நூறில் நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தான், அது பொய், உண்மை எதுவோ அதைப் போடுங்கள் என்றார். அக்காவுக்குத் தமிழ் எழுத்துதான் வரும். கரீம் பாட்சாவுக்குப் பேச்சுத் தமிழ்தான், படிக்க வராது. இங்கிலீஷில் எழுதித் தரட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், தமிழிலேயே இருக்கட்டும், ஏறுகிறவன் எல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பான், நான் சொல்லுவேன் என்றார். அக்கா சிவப்பு நூலில் தைத்தார்: சைனப், தாராவி, 1.

ஒன்றுக்குப் பிறகு இரண்டு வந்தது. தாணேயிலிருந்து கரீம் பாட்சாவின் சிநேகிதர்கள் வந்தார்கள், பிறகு டோம்பிவிலியிலிருந்து ஒரு டாக்டர். எல்லோரும் அந்த வளைவு வேண்டும் என்றார்கள், நெளிவோடு. பொங்கலுக்கு முன்னால் சொர்ணம்மாள் திரும்பி வந்தார். தன் மிஷினுக்கு எண்ணெய் விட்டார், எண் ஒன்பதைத் தைக்க உட்கார்ந்தார். ரோஷன் சேட் நேரில் வரவில்லை. ஆனால் போன மாதம் ஓர் ஆளிடம் ஒரு கன்டெஸா காரின் சீட் வந்தது, சேட் அனுப்பினார் என்று சொல்லி. பெயர்த் துண்டு தைத்துத்தான் தருவேன் என்று அக்கா சொல்லி அனுப்பினார். தைத்தே கொடுங்கள் என்று பதில் வந்தது. இப்போது எண் இருபத்தாறு நடக்கிறது.

நேற்று மத்தியானம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் எங்கள் சந்துக்கு வந்தார். மன்சூர் பாய் பெருநாள் வருகிறதே என்று சஹனை எடுத்து வந்து கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, விளிம்பு நசுங்கியிருக்கிறது, காசு வேண்டாம், ரெண்டே தட்டில் நேராக்கித் தருகிறேன் என்று சுத்தியலை எடுத்தார். மிஷின் சத்தத்தில் அக்காவுக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. எழுந்து வந்து தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஈயம் மட்டும் பூசுங்க" என்றார். "அந்த எடத்தத் தொடாதீங்க. அது அளவு."